அப்பா நீட்டிய கை

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 47 வயது. குடியாத்தம் பக்கத்தில் கிராமம். அப்பா இறந்து பத்து மாதம் ஆகிறது, இன்னும் சரியாகத் தூக்கமில்லை. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மெஷின் பிடித்துப் பாறை துளைக்கிற வேலை அவருக்கு. 2001-ல் சுரங்கத்தை மூடும்வரை மாதம் ஒருமுறை வருவார். வந்தாலும் ஒரு வார்த்தை பேசமாட்டார். எட்டாவதோடு என் படிப்பை நிறுத்தினார். வீட்டை அண்ணன் வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து "அப்பா" என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். டிவியை மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பார். அண்ணனைப் படிக்க வைத்தவர் என்னை வைக்கவில்லை.

கடைசி நான்கு நாள் வேலூரில் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். அண்ணன் இரண்டு முறை எட்டிப் பார்த்ததோடு சரி. ஒரு ராத்திரி அப்பா என் பக்கம் கையை நீட்டினார், நான் தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன், அது இருக்கட்டும், காரியச் செலவில் பாதி கொடுத்தும் பத்திரிகையில் என் பெயர் கடைசியில்தான்.

போன மாதம் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி, பங்காருப்பேட்டையில் மாறி, தங்கவயலில் இருக்கிற மாரிகுப்பம் போனேன். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்தேன். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் ஒரு பெரியவர், அப்பா பெயரைச் சொன்னதும் கூட வேலை செய்தவர் என்றார். மேலே எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டேன். அப்பாவை எப்படி மன்னிப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

படிப்பை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள், அண்ணனை மூன்று முறை. நீட்டிய கையை ஒரே முறை, அதையும் "அது இருக்கட்டும்" என்று தள்ளிவிட்டு. நான் அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டு விஷயம் வழக்கறிஞருடையது. அது அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடாக இருந்து, உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் சம பங்கு உண்டு. போய்க் கேளுங்கள்.

அப்பா குற்றவாளியாகவே இருந்தால்தான் அந்த ராத்திரி நீங்கள் கண்ணை மூடிக்கொண்டது நியாயமாகும். அதனால்தான் பழைய கணக்கை முடிக்க மனம் வரவில்லை. கண்ணை மூடியது தப்புதான். இல்லை என்று நான் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆனால் அது நான்கு நாள் பக்கத்தை விட்டு நகராதவர் செய்த தப்பு. அந்தக் கை மன்னிப்புக் கேட்டது என்றும் சொல்லமாட்டேன். நினைவு தடுமாறும் கடைசி நாட்களில் பலர் போர்வையையும் காற்றையும் துழாவுவார்கள். தண்ணீருக்காகவும் இருந்திருக்கலாம்.

நீங்கள் குறையாக எழுதிய இன்னொன்று எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் வருடக்கணக்கில் நாள் முழுக்க வேலை செய்தாலே காது கெடும். பாறை துளைக்கும் காற்றழுத்த மெஷின் 110-ஐத் தாண்டும். முதலில் போவது கீச்சுக் குரல்கள்: பெண்கள், குழந்தைகள் பேசுவது. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன என்று புரியாது. திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் பேச்சையே விட்டுவிடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் படிப்பை நிறுத்தியதற்குக் காது காரணமில்லை, அந்தக் கோபம் உங்களுக்கு இருக்கலாம். திரும்பிப் பார்க்காததற்கு மட்டும் இதையும் யோசியுங்கள்.

நான்கு நாள், தினமும் 20 நிமிடம், பகலில் அப்பாவுக்கு எழுதுங்கள். முதல் நாள் அண்ணன்தான் வருவார், வரட்டும். இரண்டாம் நாள் "அன்றைக்கு நான் தூங்கவில்லை" என்று தொடங்குங்கள். படுக்கும் முன் எடுத்துப் படிக்காதீர்கள், தூக்கம் இன்னும் கெடும். யாரிடமும் காட்டவும் வேண்டாம். வருடத் திதி தாண்டியும் தூக்கம் வராவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416-ல் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தில் இலவசமாகத் தமிழிலும் பேசுவார்கள்.

பிறகு இன்னொரு முறை மாரிகுப்பம் போங்கள். அந்தப் பெரியவருக்கு எதிரில் உட்கார்ந்து, அவர் உங்கள் வாயைப் பார்க்கும்படி, கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்: எங்கள் அப்பாவுக்கு எப்போதிலிருந்து காது கேட்காமல் போயிற்று?