அணு உலைச் சங்கு: கேள்வியும் பதிலும்

சென்ற இதழில், அமெரிக்க அணுமின் நிலையங்களைச் சுற்றிக் கம்பத்து உச்சியில் நிற்கும் எச்சரிக்கைச் சைரன்களைப் பற்றிச் சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். மில் சங்கும் நகராட்சிச் சங்கும் கேட்டு வளர்ந்த வாசகர்கள் விடுவார்களா? வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ பக்கம் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஆகஸ்டில் ஒரு நாள் சங்கு ஊதியது. தெருவில் ஒருவரும் அசையவில்லை. நிஜமாகவே ஆபத்து என்றால் எப்படித் தெரியும்? உடனே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டுமா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: நீங்கள் கேட்டது டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்துக்கான 131 சைரன்களின் வருடாந்தர சோதனை. ஆகஸ்டில் நடக்கும், நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அதனால்தான் யாரும் அசையவில்லை.

அறிவிக்காத நேரத்தில், ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சுருதியில் 3 முதல் 5 நிமிடம் ஊதினால் அது நிஜம். அப்போதும் கிளம்பக் கூடாது. அந்தச் சங்குக்கு ‘ஓடு’ என்று பொருள் இல்லை. ‘உள்ளே போய் ரேடியோவைப் போடு’ என்றுதான் பொருள். கதிர்வீச்சுக் கசிவு காற்றடிக்கும் திசையில்தான் போகும். ஒரு பகுதியை வெளியேறச் சொல்லும் அதே நேரத்தில், பக்கத்துப் பகுதியைக் கதவு ஜன்னலை அடைத்து வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்வார்கள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் காரை எடுப்பவர் கசிவுக்குள்ளேயே போய்ச் சேரலாம். அந்த வட்டாரம் எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்பும் மண்டல எண்ணைச் சொல்லித்தான் வரும். மகன் வீடு எந்த எண் என்று இப்போதே கேட்டுக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். ‘ஏன் சங்கு ஊதுகிறது’ என்று கேட்க மட்டும் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்காதீர்கள். உயிருக்குப் போராடுபவருக்கு அந்த லைன் கிடைக்காமல் போகும்.

கேள்வி: பொத்தானை அழுத்துவது உலைக்காரர்களா, அரசாங்கமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: பெரும்பாலும் அரசாங்கம். சைரனை வாங்கி நட்டுப் பராமரிக்கும் செலவு மின் நிறுவனத்துடையது. ஊத வைக்கும் முடிவு மாநில, கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) அதிகாரிகளுடையது. 1979 மார்ச்சில் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது மக்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்த விதம் பெரும் குழப்பமாக இருந்தது. 1980-இல் வந்த விதிகள் இரண்டு 15 நிமிடங்களை வகுத்தன. அவசரநிலை என்று அறிவித்த 15 நிமிடத்துக்குள் நிலையம் அதிகாரிகளுக்குச் சொல்லியாக வேண்டும். ஊதலாம் என்று அதிகாரிகள் முடிவெடுத்தபின், சுமார் 15 நிமிடத்துக்குள் நிலையத்தைச் சுற்றிய 10 மைல் வட்டாரம் முழுக்க எச்சரிக்கை பரவும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். இடையில் அதிகாரிகள் யோசிக்கும் நேரம் இந்தக் கணக்கில் வராது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் அதுதான்.

கேள்வி: ஒரு சைரன் எவ்வளவு தூரம் கேட்கும்? 10 மைலுக்கு நான்கைந்து பெரிய சைரன் போதாதா?
(இயற்பியல் ஆசிரியர், ஈரோடு)

பதில்: தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் குறையும் என்று வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். அது தடையே இல்லாத வெளிக்கு. மரம், வீடு, மேடு எல்லாம் ஒலியைத் தின்றுவிடுவதால், திட்டமிடும்போது ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 10 டெசிபல் போகும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி அவசரகால முகமை கணக்கிடச் சொன்னது. சைரனின் திறனை 100 அடி தூரத்தில் அளப்பார்கள். அங்கே 125 டெசிபல் என்றால் 200 அடியில் 115, 400 அடியில் 105 என்று இறங்கி, ஏறக்குறைய 1.4 கிலோமீட்டரில் 70, 2.8 கிலோமீட்டரில் 60.

இந்த 70, 60 இரண்டும் முக்கியம். சதுர மைலுக்கு 2,000 பேருக்கு மேல் வாழும் இடத்தில் 70 டெசிபலும், அதற்குக் குறைந்தால் 60-ம் கிடைக்க வேண்டும் என்பது அளவுகோல். மேல் வரம்பும் உண்டு: மக்கள் நிற்கும் எந்த இடத்திலும் 123-ஐத் தொடக் கூடாது, காதுக்கு ஆகாது. உயரமான கம்பத்தில் ஏற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் நான்கைந்துக்கு வருவோம். 2.8 கிலோமீட்டர் ஆரம் என்றால் ஒரு சைரனுக்குச் சுமார் 24 சதுர கிலோமீட்டர். 10 மைல் ஆரமுள்ள வட்டம் சுமார் 814 சதுர கிலோமீட்டர். வெறும் வகுத்தலே 34 சைரன் கேட்கிறது. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிலத்தை நிரப்ப முடியாது. குன்றுக்குப் பின்னால் ஒலி போகாது. நகரத்தில் 70 வேண்டும். டயாப்லோ கேன்யனுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கடல், ஆனாலும் 131 தேவைப்பட்டது இப்படித்தான்.

காற்று இன்னொரு வில்லங்கம். எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். வெயில் தரையைச் சுடும் நண்பகலிலும் அப்படியே. இரவில் தரை குளிர்ந்தால் கீழ்நோக்கி வளையும். தொலைதூர ரயில் சத்தம் ராத்திரியில் கிட்டத்தில் கேட்பது இதனால்தான். ஆனால் ராத்திரியில் ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்குபவருக்கு எதுவும் கேட்காது. இது வெளியே இருப்பவர்களுக்கான சைரன். வீட்டுக்குள் இருப்பவரை எழுப்பத் தானாக உயிர்பெறும் எச்சரிக்கை ரேடியோவோ கைப்பேசியோதான் வேண்டும்.

கேள்வி: கரண்ட் போய்விட்டால்?
(வாசகர், மதுரை)

பதில்: பழைய சைரன்கள் பலவும் ஊமையாகிவிடும். நியூயார்க்கை ஒட்டிய இந்தியன் பாயின்ட் நிலையத்தை வைத்து இதற்குச் சட்டமே வந்தது. 2005-ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம், 50 மைலுக்குள் 1.5 கோடிப் பேருக்கு மேல் வாழும் அணுமின் நிலையத்தின் சைரன்களுக்கு மாற்று மின்சாரம் கட்டாயம் என்றது. பெயர் சொல்லவில்லை, அந்த அளவுக்குப் பொருந்தியது இந்தியன் பாயின்ட் ஒன்றுதான்! நிறுவனம் கெடுவைத் தவறவிட்டது. 2007-இல் 1,30,000 டாலர் அபராதம் விழுந்தது. 172 புதிய சைரன்கள் 2008-இல்தான் பணிக்கு வந்தன. நிலையமே 2021-இல் மூடப்பட்டது.

கேள்வி: சைரனில் என்னதான் பழுதாகும்? மோட்டாரும் விசிறியும்தானே?
(எலக்ட்ரீஷியன், கோயம்புத்தூர்)

பதில்: மோட்டார் வகையில் நீங்கள் சொன்னதுதான். துளையிட்ட சக்கரம் சுழன்று காற்றை வெட்டுகிறது. 12 துளை, நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் 480 ஹெர்ட்ஸ். மின்னழுத்தம் குறைந்தால் சுற்று குறையும், சுருதி இறங்கும், சத்தமும் இறங்கும். ஆகவே சோதனையில் சுருதி தளர்ந்து ஒலித்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி நான்கைத் தொடராக இணைத்து 48 வோல்ட்டில் ஓடும் வகைகளில், நான்கில் ஒன்று படுத்தாலும் மற்ற மூன்றும் பயனில்லை. மாற்றும்போது நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் புதியதும் சீக்கிரம் கெடும். சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகும். வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள்தான் அதை வைக்கிறார்கள், என்ன செய்வது!

மின்னணு வகையில் சுழலும் பாகம் இல்லை. ஆம்ப்ளிஃபயரும், ஒலி எழுப்பும் பாகங்களான ஒலிபெருக்கி டிரைவர்களும்தான். சில டிரைவர் எரிந்துபோனாலும் சைரன் ஊதும், சத்தம் மட்டும் குறையும்; கீழே நின்று கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. குளவிக்கூடு, குருவிக்கூடு, ஆன்டெனா கேபிளில் நீர் இறங்குவது, மின்னல் எல்லாம் இரு வகைக்கும் பொது.

அதனால்தான் சோதனையும் மூன்று படி. இரண்டு வாரத்துக்கொருமுறை மௌனச் சோதனை: ரேடியோ கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் பார்ப்பது. மூன்று மாதத்துக்கொருமுறை உறுமல் சோதனை: மோட்டாருக்கு ஓரிரு நொடி மின்சாரம் கொடுத்து நிறுத்துவது. ஆண்டுக்கொருமுறை முழுச் சோதனை. மௌனச் சோதனையில் தேறியதை வைத்துச் சைரன் ஊதும் என்று நம்பிவிடக் கூடாது. சில மின்னணு சைரன்கள் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணை அனுப்பி, டிரைவரில் மின்னோட்டம் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளும். காசு இருந்தால் அதை வாங்குவதே மேல்.

கேள்வி: எல்லா நாட்டிலும் இதே ஒலிதானா?
(வாசகி, பாரிஸ்)

பதில்: இல்லை. உங்கள் பிரான்சில் ஏறி இறங்கும் ஒலி 1 நிமிடம் 41 நொடி, மூன்று தடவை, அதுதான் அபாயம். அசையாத ஒலி 30 நொடி வந்தால் ஆபத்து நீங்கியது என்று பொருள். அமெரிக்கப் பழக்கத்தோடு வருபவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்! மாதத்தின் முதல் புதன் நண்பகலில் கேட்பது சோதனை. சுவிட்சர்லாந்தில் சோதனை பிப்ரவரி முதல் புதனன்று, பகல் 1.30-க்கு.

கேள்வி: கைப்பேசிக்கே எச்சரிக்கை வருகிறதே, சங்கு எதற்கு?
(வாசகர், சென்னை)

பதில்: நியாயமான கேள்வி. அமெரிக்காவிலும் கைப்பேசிக்கு மாறும் போக்கு இருக்கிறது. சங்கு ஒரே சொல்லைத்தான் சொல்லும். கைப்பேசி மண்டல எண்ணையும் செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்லும். ஆனால் தவறும் அதே வேகத்தில் பரவும். 2020 ஜனவரி 12 காலை 7.23-க்கு, கனடாவின் பிக்கரிங் அணுமின் நிலையத்தில் அசம்பாவிதம் என்ற செய்தி ஒன்டாரியோ மாநிலம் முழுக்கப் போனது. தவறு என்ற அடுத்த செய்தி வர 108 நிமிடம் ஆனது. சங்கு மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. 2017 ஏப்ரலில் டல்லாஸ் நகரின் 156 புயல் சைரன்களை யாரோ ரேடியோ சிக்னல் அனுப்பி நள்ளிரவில் ஊதவிட்டார்கள். 911-க்கு 4,400 அழைப்புகள் குவிந்தன. கட்டளையைக் குறியாக்கம் செய்யாமல் அனுப்பும் சைரனை இன்று யாரும் வாங்கக் கூடாது. கைப்பேசிக் கோபுரம் விழுந்த நாளில் சைரனும், சைரன் கேட்காத படுக்கையறையில் கைப்பேசியும் வேலை செய்யட்டும். எங்கள் கட்சி இரண்டும் வேண்டும் என்பதே.

கேள்வி: காது கேளாதவர்கள் என்ன செய்வது?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அமெரிக்காவில் அந்த 10 மைலுக்குள் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் தகவல் கையேடோ காலண்டரோ வரும். உதவி தேவைப்படுவோர் நிரப்பி அனுப்ப அதில் ஒரு படிவம் இருக்கும். அனுப்பியவர்கள் பெயர் கவுன்ட்டியின் பட்டியலில் ஏறும். வீடு மாறினால் மறுபடி நிரப்ப வேண்டும்.