புதுசா லைசென்ஸ் எடுத்த ரெண்டு பெடியள் ஒரே ட்றக்கில: ஒரு அம்மாவுக்குப் பதில்

அக்கா, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். தம்பிக்கு, அதுதான் உங்கட மகனுக்கு, 22 வயசு, கொலிஜ்ஜை நடுவில விட்டிட்டான், போன மாசம் பெரிய ட்ரெய்லர் ட்றக் ஓடுற ஏ-செட் லைசென்ஸ் எடுத்தவன், கூடப் படிச்ச பெடியனும் அதே கிழமைதான் எடுத்தவன், ரெண்டு பேரும் சேர்ந்து ரொறன்ரோவில இருந்து வன்கூவருக்கு டீமா ஓடப்போறம் எண்டு நிக்கினம், கொம்பனியும் வாங்கோ எண்டு சொல்லிப்போட்டுது, உங்களுக்கு நித்திரை இல்லை. ட்றக் ஓட விடலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். விடலாம். ஆனால் இந்த மாதிரி விடாதேங்கோ.

முதல்ல ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. "படிச்சுப்போட்டு லொறி ஓடப்போறானே" எண்டு எழுதியிருக்கிறியள் பாருங்கோ, அந்த வசனத்தை அவனுக்கு முன்னால சொல்லாதேங்கோ. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் ட்றக் ஓடியே வீடு வாங்கி பிள்ளையளைப் படிப்பிச்ச எங்கட ஆக்கள் கனபேர் இருக்கினம். ஒன்ராறியோவில இப்ப ஏ-செட் எடுக்கிறது சும்மா விஷயமும் இல்லை, 2017 ஜூலை 1 இல இருந்து குறைஞ்சது 103.5 மணித்தியாலம் பயிற்சி முடிச்சால்தான் டெஸ்டுக்கே போகலாம். அவன் அதை முடிச்சிருக்கிறான், அதுக்கு ஒரு மரியாதை குடுங்கோ.

ஆனால் அந்த 103.5 மணித்தியாலத்தைக் கணக்குப் பண்ணிப் பாருங்கோ. வகுப்பும் அதுக்குள்ளதான், யார்டில ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுத்துப் பழகிறதும் அதுக்குள்ளதான், ரோட்டில ஓடினதும் அதுக்குள்ளதான். ஒரு டீம் ட்றக் வன்கூவர் போய்த் திரும்பி வாற ஒரு ட்ரிப்பிலயே ட்றக் உருளுற நேரம் அதுக்குக் கிட்ட வந்திடும். லைசென்ஸ் எண்டது இனிப் பழகலாம் எண்ட அனுமதி, பழகி முடிஞ்சுது எண்ட சேர்டிபிக்கட் இல்லை.

சரி, இந்த டீம் எண்டால் என்ன எண்டு வடிவா சொல்லுறன், ஏனெண்டால் பெடியள் வீட்டில இதைச் சொல்லேக்க "மாறி மாறி ஓடுவம்" எண்டு லேசா சொல்லிப்போட்டுப் போயிடுவாங்கள். கனடாவில ஒரு ட்ரைவர் ஒரு நாளில 13 மணித்தியாலத்துக்கு மேல ஓடேலாது, வேலை எண்டு பார்த்தால் 14. மிச்ச நேரம் ஓய்வு, அதில 8 மணித்தியாலம் தொடர்ச்சியா எடுக்கவேணும். ட்றக்கில இருக்கிற ஈஎல்டி மெஷின் இதெல்லாத்தையும் தானாப் பதிஞ்சுகொண்டே இருக்கும், முந்தின காலம் மாதிரி லொக் புத்தகத்தில அழிச்சு எழுதிற வேலை இப்ப நடவாது. தனிய ஓடுற ஆள் எங்கயோ ஒரு இடத்தில ட்றக்கை நிப்பாட்டிப்போட்டுப் படுக்கத்தான் வேணும். ரெண்டு பேர் எண்டால் ஒராள் ஓட மற்றாள் பின்னால ஸ்லீப்பரில படுப்பார், டீமுக்கு அந்த 8 மணித்தியாலத்தை ரெண்டாப் பிரிச்சு எடுக்கவும் சட்டம் விடுது, ஒவ்வொரு துண்டும் 4 மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். அதால ட்றக் டீசல் அடிக்கவும் பாத்ரூமுக்கும்தான் நிக்கும். வன்கூவர் 4,400 கிலோமீற்றர் மட்டில, தனிய ஓடுறவருக்கு அஞ்சு நாள் மட்டில பிடிக்கும், டீம் மூண்டு நாளுக்குள்ள போயிடும். கலிபோர்னியா ஸ்ட்ரோபெரி, கொரியர் பார்சல், கார் கொம்பனிக்கு அவசரமாப் போற சாமான் எண்டு நிக்காமல் போகவேண்டிய லோட் எல்லாம் டீமிட்டத்தான் போகும். அதாலதான் கொம்பனியளுக்கு டீம் எண்டால் வாயூறும்.

இப்ப உங்கட தம்பியின்ர கேஸுக்கு வாறன். புது ட்ரைவரை லேசில ஒருத்தரும் எடுக்க மாட்டினம், கொம்பனிக்கு இன்சூரன்ஸ் குடுக்கிறவை ரெண்டு மூண்டு வருஷ அனுபவம் கேப்பினம். வீட்டில லைசென்ஸை வச்சுக்கொண்டு சும்மா இருந்த பெடியனிட்ட ஒரு கொம்பனி வந்து "டீமா வந்தால் உடன எடுக்கிறம்" எண்டால் அவன் பாய்ஞ்சு விழுவான்தான். அவனில பிழை இல்லை. ஆனால் ஒரு புதுசும் இன்னொரு புதுசும் சேர்ந்தால் டீம் ஆகாது அக்கா, ரெண்டு புதுசு எண்டுதான் இருக்கும். விடிய 3 மணிக்கு சூ செயின்ட் மரி தாண்டி 17 ஆம் ஹைவேயில, ஒரு பக்கம் பாறை மற்றப்பக்கம் ஏரி, போக ஒரு லேன் வர ஒரு லேன், பனி கொட்டுது, மூஸ் எண்ட பெரிய மான் குறுக்க வரும், ஓடுறவன் பயந்துபோய் பின்னால படுத்திருக்கிறவனை எழுப்பினால் அவனுக்கும் ஒண்டும் தெரியாது. அதைத் தாண்டி பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்குப் போனால் ஒக்டோபர் 1 இல இருந்து பெரும்பாலான மலை ரோட்டுகளில செயின் கொண்டுபோகவேணும், அந்தக் குளிருக்குள்ள இறங்கி டயருக்கு செயின் போட்டுப் பழகினவனோ எண்டு கேட்டுப் பாருங்கோ.

பயப்படுத்தச் சொல்லேல்லை, ஆனால் 2018 ஏப்ரல் 6 சஸ்கச்சுவானில ஹம்போல்ட் ஹொக்கி டீம் பஸ்ஸும் ஒரு ட்றக்கும் மோதி 16 பேர் செத்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ட்றக் ட்ரைவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசங்கூட ஆகேல்லை. அதுக்குப் பிறகுதான் மேற்குப் பக்க மாகாணங்களில கட்டாயப் பயிற்சி வந்தது.

நான் இந்த வேலைக்கு வாற பிள்ளையளிட்ட முதல்ல கேக்கிறது சம்பளம் இல்லை. "நீ ஓடேக்க மற்றவர் முழிச்சிருப்பாரோ?" எண்டு கேப்பன். ஏனெண்டால் பழக்கிறது எண்டு சொல்லி டீம் வேலை வாங்கிற கொம்பனியள் இருக்குது. ட்ரெய்னர் எண்டு ஒராளைப் போடுவினம், முதல் ரெண்டு நாள் அவர் பக்கத்தில இருப்பார், மூண்டாம் நாளில இருந்து அவர் பின்னால போய்ப் படுத்திடுவார், புதுசு தனிய ஓடும், அந்த மைல் எல்லாம் ட்றக் கணக்கில ஏறும். என்னட்ட வந்த ஒரு பிள்ளை இப்பிடித்தான் ஒன்பது கிழமை ஓடிப்போட்டு வந்து "அண்ணை, ட்ரெய்னரின்ர குறட்டைச் சத்தந்தான் பழகினனான்" எண்டது. சிரிச்சனாங்கள்தான், ஆனால் அந்தப் பிள்ளை பிறகு ஆறு மாசம் ட்றக்கில ஏறேல்லை.

நித்திரையைப் பற்றியும் சொல்லவேணும், இதை ஒருத்தரும் பயிற்சியில சொல்லிக்குடுக்கிறேல்லை. ஓடுற ட்றக்கில படுக்கிறது வீட்டுக் கட்டிலில படுக்கிற மாதிரி இல்லை, ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப்போடும், பிரேக் பிடிக்கேக்க உருளாமல் இருக்க வலை கட்டிக்கொண்டு படுக்கவேணும். அதைவிடப் பெரிய பிரச்சினை நம்பிக்கை. முன்னால ஓடுறவனை நம்பாட்டி கண் மூடாது, கண் மூடாட்டி உன்ர முறை வரேக்க நீ தூங்கி வழிவாய். சிலருக்கு இது சரிவராது, அது கோழைத்தனமும் இல்லை, உடம்பு அப்பிடி. அதுக்குள்ள ஒரு சின்ன அறை அளவு கூட இல்லாத இடத்தில ரெண்டு பேர் கிழமைக்கணக்கா, ஒராளின்ர சப்பாத்து மணம் மற்றாளுக்கு, ஒராளுக்கு ஏசி வேணும் மற்றாளுக்கு ஹீற்றர் வேணும். நல்ல சிநேகிதத்தை முறிக்கவேணுமெண்டால் டீம் ட்றக்கை மாதிரி ஒண்டு இல்லை. புருஷன் பெண்சாதியா ஓடுற டீம்தான் கனகாலம் நிலைக்கிறதா நான் கண்டிருக்கிறன், அவைக்கு சண்டை பிடிச்சு ஏற்கனவே பழக்கம்.

காசைப் பற்றி. மைலுக்கு இவ்வளவு எண்டு சொல்லேக்க அது ட்றக்குக்கோ ஆளுக்கோ எண்டு கேக்கவேணும். உதாரணத்துக்கு 60 சதம் எண்டு சொன்னால் டீமில அது ஆளுக்கு 30 சதமா இருக்கும், ஆனால் 60 எண்டுதான் பெடியளின்ர காதில விழும். ட்றக் ரிப்பேரில நிண்டால், லோட் ஏத்த எட்டு மணித்தியாலம் காவல் நிண்டால் காசு உண்டோ எண்டும் கேக்கவேணும்.

இன்னொண்டு, இதில எங்கட ஆக்கள் கனபேர் மாட்டுப்படுகினம். "உன்ர பேரில ஒரு கோர்ப்பரேஷன் திற, செக்கை அதுக்குப் போடுறம், வரி பிடிக்க மாட்டம்" எண்டு சொன்னால் கையெழுத்து வைக்க வேண்டாம். ட்றக் கொம்பனியின்ர, லோட் கொம்பனியின்ர, எப்ப போ எப்ப வா எண்டு சொல்லுறதும் கொம்பனி எண்டால் அவன் வேலையாள்தான். மாகாணம் தாண்டி ஓடுற வேலை பெடரல் சட்டத்துக்குக் கீழ வருது, வேலையாளை சொந்தத் தொழில்காரன் எண்டு காட்டிறது 2021 இல இருந்து அந்தச் சட்டத்தில வெளிப்படையாவே தடை. கோர்ப்பரேஷன் எண்டு போனால் விடுமுறைக் காசு இல்லை, வேலை போனால் அரசாங்கம் குடுக்கிற இஐ காசு இல்லை, காயம் பட்டால் நட்டஈடு எடுக்கிறதுக்கும் அலையவேண்டி வரும், பிறகு வரிக்காரன் வந்து கேக்கேக்க தம்பிதான் பதில் சொல்லவேணும்.

அமெரிக்கா பக்கம் ஓடுற யோசினை இருந்தால், 21 முடிஞ்சதால வயசு பிரச்சினை இல்லை. சிற்றிசன் எடுத்திட்டானோ எண்டு நீங்கள் எழுதேல்லை, இலங்கை பாஸ்போர்ட்டும் நிரந்தர வதிவிட பிஆர் கார்டும் எண்டால் அமெரிக்க விசா வேணும். கஞ்சா இஞ்ச சட்டப்படி சரி எண்டு ஒரு நாளும் தொடவேண்டாம், போடர் தாண்டுற ட்ரைவருக்கு போதைப்பொருள் டெஸ்ட் இருக்குது, அதில பிடிபட்டால் கதை முடிஞ்சுது. இதை அவனிட்ட நீங்கள் கேளாதேங்கோ, நான் கேக்கிறன், அம்மாவிட்ட பெடியள் உண்மை சொல்ல மாட்டாங்கள்.

என்ன செய்யலாம் எண்டால், இந்த ஒரு வருஷத்துக்கு ரொறன்ரோவைச் சுத்தி, மொன்றியல், வின்ட்சர், ஒட்டாவா மாதிரிப் பகலில போய் வாற ஓட்டம் பிடிக்கட்டும். சம்பளம் குறையும், பரவாயில்லை, லோட் ஏத்தி இறக்கிற டொக்கில பின்னுக்கு எடுத்து எடுத்துத்தான் கை பழகும், அது ஹைவேயில நேரா ஓடுற டீமில கிடைக்காது. ஒரு பனிக்காலம் முழுசா ஓடி முடிக்கட்டும். அதுக்குப் பிறகு டீம் ஆசை இருந்தால் ரெண்டு மூண்டு பனிக்காலம் மலைப்பக்கம் ஓடின ஒராளோட போகட்டும், அந்தச் சிநேகிதப் பெடியனும் அப்பிடியே வேற ஒராளோட போகட்டும். பிறகு ரெண்டு பேரும் சேர விரும்பினால் நானே கொம்பனி தேடிக் குடுக்கிறன்.

பகல் ஓட்டம் கிடைக்கேல்லை, இந்தக் கொம்பனிதான் எடுக்குது எண்டு அவன் பிடிவாதம் பிடிச்சால், எத்தினை கிழமை ட்ரெய்னர் முன் சீட்டில முழிச்சிருப்பார் எண்டதை எழுத்தில வாங்கச் சொல்லுங்கோ. எழுதித் தர மாட்டம் எண்டால் உங்களுக்குப் பதில் கிடைச்சிட்டுது.

வேலைக்கு எடுக்கிறம் எண்டு ஒஃபர் லெற்றர் ஏதும் குடுத்திருந்தால் கையெழுத்து வைக்க முதல் அந்தப் பேப்பரையும் கொண்டு ரெண்டு பெடியளையும் ஒண்டா என்னட்ட அனுப்புங்கோ, சனிக்கிழமை பகல் இருப்பன். நீங்கள் வரவேண்டாம் அக்கா, நீங்கள் வந்தால் அவங்கள் வாய் திறக்க மாட்டாங்கள்.