சென் மாலோவில் இரண்டு நாள்: அம்மாவுக்கு முட்டிவலி என்றால்

செப்டம்பரில் அம்மாவோடு பிரான்ஸின் கடற்கரை ஊரான சென் மாலோ, இரண்டு நாள், கார் கிடையாது, அம்மாவுக்கு முட்டிவலி, சைவம் வேறு. மடாலயத் தீவான மோன் சென் மிஷேலையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். மேலே மடாலயத்துக்கு ஏற சுமார் 350 படி. அம்மாவைக் கீழே கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறுவதில் என்ன இருக்கிறது?

ஓதம் ஏறி வடியும் நேரத்தை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இங்கே கடல் மட்டம் ஒரே நாளில் 12 மீட்டர் ஏறி இறங்கும் நாள்களும் உண்டு. தண்ணீர் வடிந்தால் கிராண் பே தீவுக்கு நடந்தே போகலாம். எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் கல்லறை அங்கேதான். கல்லில் பெயர்கூடக் கிடையாது, ஒரு சிலுவை மட்டும். பாதை பாசியில் வழுக்கும், அதனால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். வடியும் நேரம் தினமும் 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும். நேற்றைய கணக்கை நம்பிப் போனால் தீவிலேயே பல மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் அம்மா போன் செகூர் கடற்கரைக்கு மேலே உட்காரட்டும். ஓதம் ஏற ஏற அங்குள்ள கடல்நீர்க் குளம் மூழ்கி, குதிக்கும் மேடை மட்டும் தண்ணீரில் தனியாக நிற்கும். நல்ல வேடிக்கை.

மறுநாள் படகில் எதிர்க்கரை ஊரான தினாருக்குப் போங்கள். பத்து நிமிடப் பயணம்தான், கடலோர நடைபாதையும் பெரும்பாலும் சமதளம். பக்கத்தில் கான்கால் என்ற ஊரும் உண்டு, ஆனால் அது சிப்பிக்குப் பேர்போனது, சைவம் என்பதால் உங்களுக்கு வேண்டாம்.

சாப்பாட்டுக்கு கலெத், அதாவது பாப்பரை (buckwheat) மாவு தோசை. 'கொம்ப்ளெத்' என்று கேட்டுவிடாதீர்கள், பன்றி இறைச்சியும் முட்டையும் வரும். சீஸ், காளான் போட்டது கேளுங்கள்.