நீலத் தொட்டியில் எதைப் போடலாம்? – கேள்வி பதில்

சிங்கப்பூரின் நீல நிற மறுபயனீட்டுத் தொட்டிகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, வகைபிரிப்பு நிலையம் ஒன்றில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எல்லாவற்றையும் கடைசியில் எரித்துவிடுகிறார்கள் என்கிறார்களே. பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

எல்லாவற்றையும் எரிப்பதில்லை. நீலத் தொட்டிகளுக்கென்று தனி லாரிகள் வருகின்றன. அவை கொண்டுவருவது நிலையத்தில் காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி எனப் பிரிக்கப்படுகிறது. ஆனால் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, அந்தத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாது. எரியாலைக்குப் போவது அந்தப் பகுதிதான். எரித்தால் கழிவின் கன அளவு சுமார் 90 விழுக்காடு குறையும் என்றாலும், மிஞ்சும் சாம்பலுக்கும் இடம் வேண்டும். 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் தீவுக் குப்பை நிரப்பிடத்தை விட்டால் நமக்கு வேறு இடமில்லை. அதுவும் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

கேள்வி: காலிப் புட்டி, குவளைகளைப் பாத்திரம் கழுவுவதுபோல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமா?

வேண்டியதில்லை. உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, ஒரு முறை அலசி, நீரை வடித்துவிட்டால் போதும். நான் அதிகம் பார்த்த சேதம் பாதி குடித்த பபிள் டீ குவளையால் வந்தது. மேலே இருந்து போட்டவுடன் மூடி திறந்துகொள்ள, இனிப்புப் பாலும் மரவள்ளி உருண்டைகளும் அடியில் கிடக்கும் அட்டைப் பெட்டிகளின் மேல் ஒழுகி ஊறும். லாரிக்குள் அழுத்தப்படும்போது பக்கத்தில் உள்ள செய்தித்தாள்களும் நனையும். ஒரு குவளையால் ஒரு கட்டுக் காகிதமே வீணாகிவிடும். பீட்சா பெட்டியில் எண்ணெய் படாத மேல்மூடியை மட்டும் கிழித்துப் போடலாம்.

கேள்வி: மெல்லிழைத்தாள் (டிஷ்யூ), பழைய துணி, பொம்மை?

மூன்றும் கூடாது. நல்ல துணியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் புளோக்கில் தொட்டி எப்போதும் நிரம்பி வழிகிறது. இன்னும் இரண்டு வைத்தால் சரியாகிவிடாதா?

சில இடங்களில் சரியாகும், குறிப்பாக இணையத்தில் வாங்கிய பொருள்களின் அட்டைப் பெட்டிகளைத் தட்டையாக்காமல் திணிக்கும் புளோக்குகளில். அங்கேயும் முதலில் பெட்டியை மடிக்கச் சொல்வதுதான் மலிவான வழி. என் கருத்தில் எண்ணிக்கையைவிடத் தூரமே பெரிய தடை. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் குப்பைக் குழாயின் வாய் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. நீலத் தொட்டியோ கீழ்த்தளத்தில், மின்தூக்கியில் இறங்கிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. கையில் ஈரக் கழிவும் காலி புட்டியும் ஒன்றாக இருக்கும்போது எது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2014 முதல் புதிய வீவக கட்டடங்களில் மறுபயனீட்டுக்கென்று தனிக் குழாய் வைக்கப்படுவது இதனால்தான். குப்பை கலப்பதில் தொட்டியின் வாய்க்கும் பங்கு உண்டு: புட்டி மட்டும் நுழையும் வட்டத் துளையில் குப்பைப் பையைத் திணிக்க முடியாது, அகலத் திறந்த தொட்டியை எந்த அறிவிப்புப் பலகையாலும் காக்க முடியாது.

கேள்வி: 10 காசு திட்டம் வந்தபின் நீலத் தொட்டிக்கு வேலை இருக்குமா?

இருக்கும். பானம் வாங்கும்போது 10 காசு முன்பணம் கட்டி, காலிக் கலனைத் திருப்பிக் கொடுத்து அதைத் திரும்பப் பெறும் திட்டம் அது. 2026 ஏப்ரல் 1 தொடக்க நாளாக அறிவிக்கப்பட்ட அத்திட்டம், 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக், உலோகப் பானக் கலன்களுக்கு மட்டுமே உரியது. காகிதம், கண்ணாடி, ஷாம்பு புட்டி ஆகியவை வழக்கம்போல் நீலத் தொட்டிக்குத்தான் வர வேண்டும். முன்பணக் குறி இல்லாத கலன்களுக்குக் காசு திரும்பக் கிடைக்காது.

கேள்வி: செய்தித்தாள்களைக் கரங்குனிக்காரரிடம் (பழைய பொருள் வாங்குபவரிடம்) கொடுப்பது தவறா?

தவறே இல்லை. யாருடைய பபிள் டீயும் படாமல், கட்டிய கட்டு கட்டியபடியே போய்ச் சேரும். நானும் அப்படித்தான் கொடுக்கிறேன்.