இந்தர் சபாவில் வாஜித் அலி ஷா நடித்தாரா?

உருதுக் கவிஞர் அமானத்தின் இசை நாடகமான ‘இந்தர் சபா’ லக்னோ அரண்மனையில் அரங்கேறியது, அவத் மன்னர் வாஜித் அலி ஷாவே இந்திரனாக நடித்தார் என்று உங்கள் பாடநூல் சொல்வதை ஆய்வேட்டில் உண்மையாக எடுத்தாள வேண்டாம்.

அரண்மனையில் நடந்தவை ராதை-கண்ணன் கதையை வைத்து மன்னரே எழுதிய ‘ரஹஸ்’ போன்ற ஆட்டங்கள். அமானத்தின் நாடகமோ 1850களின் தொடக்கத்தில் லக்னோ நகர மக்களுக்காக எழுந்தது. ஊரும் காலமும் ஒன்றாக இருந்ததால் பின்வந்தவர்கள் இரண்டையும் கலந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். (பிரெஞ்சு ஓபராவைப் பார்த்து எழுதியது என்ற கதையும் இப்படிக் கிளம்பியதுதான்.) உருது ஆய்வாளர் மசூத் ஹசன் ரிஸ்வி 1957இல் அரசவை மேடையையும் பொதுமக்கள் மேடையையும் தனித்தனி நூல்களாகப் பிரித்து ஆராய்ந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தார்.

நீங்களே மூலத்தைத் திறந்து பாருங்கள். இந்திரன் வருகையை அறிவிக்கும் முதல் அடியே சபையோரை ‘தோஸ்தோ’, அதாவது ‘நண்பர்களே’, என்று விளிக்கிறது. மன்னர் வீற்றிருக்கும் அவையில் அப்படித் தொடங்குவார்களா?

விளிச்சொல் ஒன்றே முடிவான சான்றாகாது. மேலும், மதாரி லால் என்பவரும் இதே பெயரில் ஓர் ‘இந்தர் சபா’ எழுதியிருக்கிறார். உங்கள் கையில் உள்ள பதிப்பு யாருடையது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.