வாங்குமுன் கேளுங்கள்: உணவு உதவிக் கார்டில் ஆன்லைன் மளிகை

கே: அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் ஸ்னாப் உணவு உதவிப் பணத்தில் சூடான பிரியாணியை ஆன்லைனில் வாங்கலாமா? (வாசகர், டெக்சஸ்)

ப: முடியாது. அரிசி, கோழி, மசாலா வாங்கலாம்.

கே: "இனி ஆன்லைனிலும் வாங்கலாம்" என்ற அரசு அறிவிப்பை நம்பி அம்மாவுக்கு ஆர்டர் போட்டோம். டெலிவரிக் கட்டணத்தை, ஸ்னாப் பணம் வரும் இ.பி.டி. கார்டு ஏற்கவில்லை. கார்டில் கோளாறா? (வாசகி, நியூ ஜெர்சி)

ப: கார்டு சரியாகத்தான் இருக்கிறது. ஸ்னாப் பணம் உணவுக்கு மட்டும்தான். டெலிவரி, சர்வீஸ் கட்டணங்களுக்குச் செல்லாது. 2019 ஏப்ரலில் நியூயார்க்கில் சோதனையாகத் தொடங்கி, கொரோனா காலத்தில் மாநிலம் மாநிலமாகப் பரவியது இந்த ஆன்லைன் வசதி. நான் படித்த அறிவிப்புகளில் அமேசான், வால்மார்ட் பெயர்கள் முதல் பத்தியிலேயே இருக்கும். கட்டணம் பற்றிய ஒற்றை வரி கடைசியில் கிடக்கும். கையில் வேறு கார்டே இல்லாதவருக்கு அந்த வரிதானே முக்கியம்? கூடையை நிரப்பி, பின் நம்பரும் போட்டபிறகா அது தெரியவேண்டும்? இணையமே இல்லாத வீட்டுக்கு இணையதளத்தில் அறிவித்து என்ன பயன்? உதவியைப் புதுப்பிக்கச் சொல்லித் தபாலில் கடிதம் வருகிறதே, அதோடு பெரிய எழுத்தில் ஒரு தாள் வைக்கட்டும். அதுவரை, கடைக்கே போய் எடுத்துக்கொள்ளும் 'பிக்கப்' முறையைப் பாருங்கள். பல கடைகளில் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

கே: போன மாத ஆர்டரில் இரண்டு பொருள் வரவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். பணம் கிடைக்குமா? (வாசகர், இல்லினாய்)

ப: பையைப் பிரித்த அன்றே பில்லோடு ஒத்துப்பார்க்காமல் மாதம் கழித்துக் கேட்டால் எப்படி? எனக்கும் ஒரு கடை துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பு அனுப்பியது. உடனே படம் எடுத்து அனுப்பியதால் பணம் திரும்பியது. கேட்டுப் பாருங்கள், தந்தால் ரொக்கமாக வராது, இ.பி.டி. கணக்குக்கே போகும்.

கே: "கார்டு முடங்கிவிட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. பின் நம்பரை அனுப்பினேன். மாதப் பணம் முழுதும் போய்விட்டது. (வாசகி, ஜார்ஜியா)

ப: அம்மா, உங்களைத் திட்டமாட்டேன். பசிக்கிற வீட்டில் இப்படியொரு செய்தி வந்தால் யாருக்கும் கை நடுங்கும். கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணை இப்போதே அழைத்துப் பழைய கார்டை முடக்குங்கள். புது கார்டு, புது பின் வாங்குங்கள். உள்ளூர் ஸ்னாப் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 2024 டிசம்பர் 20க்குப் பிறகு திருடுபோன பணத்தை மத்திய அரசு ஈடுகட்டுவதில்லை. உங்கள் மாநிலம் சொந்த நிதியிலிருந்து தருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்று சொன்னால் அதையும் எழுதி வாங்குங்கள்.