ஷார்லட்டுக்குப் புதிதாக வந்த தம்பி கேட்டது: எஃப்1 பார்ப்பவன் நாஸ்கார் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் லீவில் வந்திருக்கிறேன், அக்கினி வெயில், கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது, அதனால் பதில் கொஞ்சம் அப்படி இப்படிப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஊர் கடலூர் ஓ.டி., அமெரிக்காவில் வட கரோலினாவின் ஷார்லட் வந்து நான்கு மாதம், ஆபீசில் மே கடைசி வாக்கில் ஒரு ஞாயிறு நடக்கும் கோகோ கோலா 600 என்ற நாஸ்கார் கார் பந்தயத்துக்கு டிக்கெட் இருக்கிறது வா என்கிறார்கள், எனக்கோ சின்ன வயதிலிருந்து எஃப்1 (ஃபார்முலா ஒன்) கார் பந்தயப் பைத்தியம், இந்த நாஸ்கார் வட்டமடிப்பதில் என்ன இருக்கிறது, போகாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் போங்கள்.

நானும் பதினாறு வருடத்துக்கு முன்னால் உங்களை மாதிரிதான் மூக்கைச் சுளித்தேன். முதலில் அந்த வட்டக் கணக்கை முடித்துவிடுவோம். உங்கள் எஃப்1 மாதிரி சக்கரம் வெளியே தெரியும் ஓப்பன் வீல் வண்டிகளும் வட்டமடிக்கின்றன, இண்டியானாபொலிஸ் 500 என்பது அதே இடது பக்கத் திருப்பம்தான், 200 சுற்று. நாஸ்காரும் வாட்கின்ஸ் கிளென், சோனோமா மாதிரி வளைந்து நெளிந்த தடங்களில் ஓடுகிறது. ஆக வித்தியாசம் தடத்தில் இல்லை, சக்கரத்துக்கு மூடி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

மூடி இல்லாத இரண்டு சக்கரம் சுழலும்போது ஒன்றோடு ஒன்று உரசினால் ஒரு வண்டி இன்னொன்றின் மேல் ஏறிப் பறக்கும். 2012-இல் பெல்ஜியம் எஃப்1 பந்தயத்தில் முதல் திருப்பத்திலேயே குரோஷான் என்ற டிரைவரின் வண்டி அலோன்சோவின் தலைக்குப் பக்கத்தில் பறந்து போனதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் அந்தப் பந்தயத்தின் அழகே தொடாமல் ஓட்டுவதில் இருக்கிறது. நாஸ்காரில் வண்டி ஏறக்குறைய ஒன்றரை டன், எஃப்1 வண்டியைப் போல இரண்டு மடங்கு கனம், சக்கரம் உடம்புக்குள் இருக்கிறது, இடிக்கலாம். இடிப்பார்கள். பின்னால் வருபவன் முன்னால் போகிறவன் பம்பரில் லேசாக ஒரு தட்டு தட்டி வழி கேட்பதே ஒரு கலை.

இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நேற்று பாண்டியில் ஜவுளி எடுத்துவிட்டு தனியார் பஸ்ஸில் திரும்பினேன். அரியாங்குப்பம் தாண்டியதும் பின்னால் இன்னொரு பஸ். இரண்டுக்கும் டைமிங் தகராறு போல. நம் கண்டக்டர் பின் படியில் தொங்கிக்கொண்டு, பின்னால் வருபவன் எந்தப் பக்கம் நுழைகிறான் என்று டிரைவருக்குக் கத்துகிறார், பஸ் பாடியை இரண்டு தட்டு தட்டினால் போகலாம், ஒரு தட்டு என்றால் விடாதே. பக்கத்தில் காலி மீன் கூடையோடு இருந்த பாட்டி "மெதுவா போடா பாவி" என்று திட்டிக்கொண்டே வந்தது, தவளக்குப்பத்தில் அந்த பஸ் முன்னால் ஏறியதும் "என்னடா, வுட்டுட்டியே" என்றது. ரோட்டில் இப்படி ஓட்டுவது மகா தப்பு, அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பாட்டிதான் நாஸ்கார் ரசிகர். அந்தக் கண்டக்டருக்கு அங்கே ஸ்பாட்டர் என்று பெயர், ஒவ்வொரு டிரைவருக்கும் ஒருவர், தடத்துக்கு மேலே உயரத்தில் நின்றுகொண்டு ரேடியோவில் உள்ளே ஒருத்தன், வெளியே ஒருத்தன், இப்போது காலி என்று சொல்லிக்கொண்டே இருப்பார், ஏனென்றால் இருக்கையில் கட்டிப்போட்ட டிரைவருக்குப் பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. அந்த ரேடியோவைப் பிடிக்கும் ஸ்கேனர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டால் அதை நீங்களும் கேட்கலாம். நான் முதல் தடவை போனபோது பக்கத்து சீட் கிழவர் அவருடையதைக் கொடுத்தார். ஒரு டிரைவர் தன் டீமை அரை நிமிடம் விடாமல் திட்டினார், பிறகு அதே குரலில் தண்ணீர் கேட்டார். எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

இன்னொன்று. இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று கடலூர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்திலும் அதற்குப் பிறகும் வட கரோலினா மலைப் பக்கத்தில் சாராயம் காய்ச்சி, வரி கட்டாமல் ராத்திரியில் காரில் கடத்தினார்கள். வெளியே பார்த்தால் சாதாரண ஃபோர்டு, உள்ளே முறுக்கிவிட்ட எஞ்சின், சரக்கு ஏற்றினால் பின்பக்கம் தாழக்கூடாது என்று கூடுதல் ஸ்பிரிங். பாண்டி எல்லையில் கன்னியக்கோயில் பக்கம் செக்போஸ்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்த நமக்கு இதில் என்ன ஆச்சரியம். அந்த ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மண் தடத்தில் யார் வண்டி வேகம் என்று பார்த்தார்கள், 1948-இல் பில் ஃபிரான்ஸ் என்பவர் அதற்கு ஒரு சங்கமும் விதியும் வைத்தார், 1949-இல் கடையில் விற்கும் கார்களையே ஓட்டும் முதல் பந்தயம் உங்கள் ஷார்லட்டில்தான் நடந்தது. ஜூனியர் ஜான்சன் என்ற பெரிய டிரைவர் சாராய வழக்கில் ஜெயிலுக்கே போனவர், 1986-இல் ரீகன் மன்னிப்புக் கொடுத்தார். ஸ்டாக் கார், அதாவது கடையில் விற்கும் கார் என்ற பெயர் இன்னும் இருந்தாலும் இப்போது உள்ளே இருப்பது முழுக்கப் பந்தய வண்டி, கதவு திறக்காது, ஜன்னல் வழியாக ஏற வேண்டும், ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர்.

எஃப்1-ஐ நான் விட்டுவிடவில்லை. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஒரு வண்டி ஓ ரூஜ் என்ற மேட்டுத் திருப்பத்தில் ஏறுவதைப் பார்க்கும்போது இன்றும் மயிர்க்கூச்செறிகிறது, இரண்டு விநாடியில் நான்கு டயர் மாற்றுவதெல்லாம் சர்க்கஸ். (நாஸ்காரில் ஐந்து பேர் சேர்ந்து டயரும் மாற்றி, தோளில் கேனைச் சுமந்து பெட்ரோலும் ஊற்ற பத்து விநாடி போல ஆகும்.) ஆனால் எஃப்1 எனக்கு டிவி விளையாட்டு. மைதானத்தில் உட்கார்ந்தால் ஒரு திருப்பம்தான் தெரியும், விர்ரென்று போனால் அடுத்த சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டும். ஷார்லட் தடம் ஒன்றரை மைல், திருப்பங்கள் 24 டிகிரி சாய்வு, மேல் வரிசையில் உட்கார்ந்தால் முழுத் தடமும் தெரியும், நாற்பது வண்டி அரை நிமிடத்துக்கு ஒருமுறை உங்களைக் கடக்கும். முடிவும் அப்படித்தான்: 2024-இல் கேன்சஸ் நாஸ்கார் பந்தயத்தில் லார்சன் என்ற டிரைவர் ஜெயித்தது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில்.

நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன்கூட எஃப்1 ஓட்டிவிட்டு 2010-இல் நாஸ்காரின் டிரக் பந்தயத்துக்கு வந்தவர், மார்ட்டின்ஸ்வில் என்ற குட்டித் தடத்தில் முதல் முயற்சியிலேயே 13-ஆவது இடம். இதைச் சொன்னால் உங்கள் ஆபீஸ்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சலிக்காதா என்றால், சலிக்கும். 600 மைல் என்பது கடலூரிலிருந்து சென்னைக்கு இரண்டரை தடவை போய் வரும் தூரம், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் ஒரு நூறு சுற்று யாரும் யாரையும் முந்தாமல் ஓடும்போது நான் தூங்கியிருக்கிறேன். மழை வந்தால் இன்னும் மோசம், இந்தத் தடத்தில் ஈரத்தில் ஓட்ட மாட்டார்கள், காய வைக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் ஆரம்பித்து ராத்திரியில் முடிகிற பந்தயம், வெயில் இறங்கித் தடம் குளிர்ந்ததும் அதுவரை பறந்த வண்டி திணறும், பின்னால் கிடந்தது முன்னால் வரும், பிட்டில், அதாவது டயர் மாற்ற நிறுத்தும் இடத்தில், பின் கண்ணாடி வழியாக ஒரு நீளக் கம்பியை விட்டு இரண்டு திருகு திருகுவார்கள், அதில் வண்டியின் குணமே மாறும். அந்த நேரத்தில் விழித்திருங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டதையும் சொல்கிறேன். நம் நிறத்து முகம் அங்கே குறைவுதான். முன்பு அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் பழைய போர்க்கொடி நிறையப் பறக்கும், 2020-இல் தடை செய்தார்கள். எனக்கு இத்தனை வருடத்தில் பார்க்கிங்கில் ஒரே ஒருவன் ஏதோ முணுமுணுத்தான், அவ்வளவுதான். மற்றபடி யார் உங்கள் டிரைவர் என்று கேட்பார்கள். ஒருவரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பொதுவாகப் பார்க்க வந்தேன் என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

காதுக்கு அடைப்பான் கட்டாயம், சத்தம் நெஞ்சுக்குள் இறங்கும். சாப்பாடு கொண்டுபோகலாம், பையின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் நான் கீழ் வரிசையில் உட்கார்ந்து தயிர்சாதத்தைத் திறந்தேன், இரண்டாம் வாய் எடுப்பதற்குள் மேலே மிளகு தூவின மாதிரி கறுப்பாக இருந்தது. டயர் ரப்பர். அதற்குப் பிறகு புளியோதரைதான், மேல் வரிசைதான். பந்தயம் முடிந்து பார்க்கிங்கிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.